சர்வாதிகாரிக்கு அண்ணன் குரல்

மாதத்துக்கு ஒரு சர்வாதிகாரி வந்து இறங்குகிறார் இப்போதெல்லாம். எந்த ஓடிடியைத் திறந்தாலும் ஒரு மீசை, ஒரு தொப்பி, மார்பு நிறைய மெடல். எல்லாருடைய வாழ்க்கையும் படமாகிவிட்டது, எல்லாரும் தமிழும் பேசுகிறார்கள். பேச வைத்தவர்களில் நானும் ஒருவன். நான் வேலையை விட்டு ஓய்ந்துவிட்டேன் என்று தெரிந்தும், டப்பிங் பேசுகிற பிள்ளைகள் போன் போடுகிறார்கள். "குணா சார், நாளைக்கு ஒரு டிக்டேட்டர் பண்ணணும், டிப்ஸ் குடுங்க." டிப்ஸாம்! ரசத்துக்குப் பக்குவம் கேட்கிற மாதிரி கேட்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். படத்தின் பெயரையோ நாட்டின் பெயரையோ சொல்ல மாட்டேன். வெளியே மூச்சு விடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டு விஷயத்தைச் சொல்வேன், அதை எந்தக் கம்பெனியும் கேட்க முடியாது.

இந்தத் தொழிலுக்கு வந்தது பெரிய கதையில்லை. அல்சூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் மைக் பிடித்து, "நீலச் சட்டை போட்ட குழந்தை மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்" என்று கூவிக்கொண்டிருந்தவன் நான். யாரோ கேட்டு விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். குக்கர், கொசுவத்தி, காப்பித்தூள். பிறகு மிருகங்களைப் பற்றிய டாக்குமெண்டரி. முதலை முட்டையிடுவதை நெஞ்சு உருகச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு பெயர் இருந்தது. அங்கிருந்து சர்வாதிகாரிக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

எங்கள் டப்பிங் தியேட்டர் இந்திராநகரில் ஒரு வீட்டு மாடி. கீழே பல் டாக்டர். நான் மேலே போர் அறிவித்துக்கொண்டிருப்பேன், கீழே யாராவது "ஐயோ" என்பார்கள். எங்கள் டப்பிங் டைரக்டர் பிலோமினா மேடம். கன்டோன்மெண்ட் சர்ச்சுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் திட்டுவார், ஒன்றிலும் குரல் உயராது. சீரகத் தண்ணியை உறிஞ்சிக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நம்மைப் பார்ப்பார். "நல்லா இருக்கு" என்று அவர் வாயால் நான் கேட்டதே கிடையாது. பிடித்திருந்தால் "ஆய்த்து" என்பார், ஆச்சு என்று அர்த்தம். அந்த ஒரு கன்னட வார்த்தைக்காக நாங்கள் தவம் கிடப்போம்.

வேலை எப்படியென்றால், இருட்டு அறை, முன்னால் திரை, தலையில் ஹெட்போன். ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், நம் குரல் நமக்குக் கேட்க வேண்டுமல்லவா. முதலில் அந்த நடிகன் அவன் பாஷையில் பேசுவதைச் சும்மா கேட்பேன். வார்த்தையை விட்டுவிடுவேன், மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எங்கே இழுக்கிறான், எங்கே முழுங்குகிறான், எங்கே பேச வந்து பேசாமல் விடுகிறான். அப்புறம் துண்டு துண்டாகத் தமிழ். அவன் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் வசனத்திலும் உதடு ஒட்டுகிற எழுத்து விழ வேண்டும். அது தவறினால் பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும். நாள் முழுக்க அந்த இருட்டில் இருந்துவிட்டு வெளியே வந்தால் வெயிலும் மரமும் ஆட்டோவும் நிஜம்தானா என்று இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிற கேள்விக்குக்கூட என் வாய் அவர் உதட்டைப் பார்த்துத்தான் திறக்கும்.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. மற்ற எல்லா இடத்திலும் ஒவ்வொருவராக வந்து தன் வசனத்தைப் பேசிவிட்டுப் போகிறோம். புருஷன் இன்றைக்கு, பெண்டாட்டி அடுத்த வாரம். திரையில் இரண்டு பேரும் கொஞ்சிக்கொள்வார்கள், நேரில் முகம்கூடத் தெரியாது. மேடம் அதற்கு ஒப்பவே மாட்டார். பேசுகிறவனுக்கு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டு, அந்தக் காட்சியில் கேட்டுக்கொண்டிருப்பவர் உட்கார வேண்டும். அந்த ஆர்ட்டிஸ்ட் வரவில்லை என்றால் மேடமே வந்து உட்காருவார். "கேக்கறதுக்கு ஆள் இல்லாம எவனாவது ராஜா ஆனானா குணா? மூஞ்சியப் பாத்துப் பேசு" என்பார். நேரம் வீணாகிறது என்று கம்பெனிக்காரர்கள் முனகுவார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

சர்வாதிகாரிப் படத்தில் இரண்டு ரகம் உண்டு. நான் ஆரம்பத்தில் பேசியதெல்லாம் முதல் ரகம். அவன் மேஜையை அடிப்பான், எச்சில் தெறிக்கக் கத்துவான், மேப்பில் கத்தியைக் குத்துவான். எனக்குத் தொண்டை கிழியும், மற்றபடி சுகமான வேலை. பார்க்கிற ஜனங்களுக்கும் சுகம். "அடேயப்பா, என்ன ராட்சசன்!" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். நம் வீட்டில், நம் ஆபீஸில், நம் தெருவில் அப்படி யாரும் மேப்பில் கத்தி குத்துவதில்லையே.

இரண்டாவது ரகம் பின்னால் வந்தது. இதில் அவன் கத்தவே மாட்டான். படம் ஒரு மழை நாளில் ஆரம்பிக்கும். ஒழுகுகிற வீடு, செத்துப்போன அப்பா, பசியோடு ஒரு பையன். பிறகு அவன் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவான், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொள்வான், மகளுக்குத் தலை வாரிவிடுவான். நடுவில் எங்கோ ஆயிரமாயிரம் பேர் செத்துப்போவார்கள், அது ஒரு தந்தி மாதிரி வந்து போகும். கடைசியில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான், வயலின் வாசிப்பார்கள், நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். யாருக்காக அழுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் தூக்கிவாரிப்போடும். யோசிக்க விடாமல்தான் வயலின் வாசிக்கிறார்கள்.

என் தொழிலில் கஷ்டமான படம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அது இந்த இரண்டாவது ரகம்தான். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கனமாகப் பேசினால் மேடம் தலையை ஆட்டினார். இனிமையாகப் பேசினால் "குக்கர் விக்கறியா?" என்றார். அன்றைக்கு எடுத்த காட்சி இது. காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் அவனிடம் வருகிறாள். அவன் அவளை உட்காரச் சொல்கிறான், ஆரஞ்சுப்பழம் உரித்துக் கையில் கொடுக்கிறான், மெதுவாகப் பேசி அனுப்பிவிடுகிறான். மகன் ஏற்கெனவே செத்துவிட்டான் என்று அவனுக்குத் தெரியும். காட்சி முழுக்க கேமரா அவன் முகத்தின் மேல்தான். அந்தத் தாயின் பின்னந்தலை மட்டும் ஓரத்தில் தெரியும்.

மத்தியானம் மேடம் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். "குணா, ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்டுல கத்தாமலே எல்லாரையும் உக்கார வெச்சவங்க யாராவது இருக்காங்களா?"

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அண்ணன்.

அண்ணனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அப்பா போனபோது நானும் தங்கச்சி சாந்தியும் சின்னப் பிள்ளைகள். அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஃபாக்டரிக்குப் போனார். அவர் வாங்கிக் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஜோகுபாளையம் வீட்டில் மழை ஒழுகும்போது தான் நனைந்துகொண்டு எங்களை மூலையில் படுக்க வைப்பார். இவ்வளவும் சத்தியம். ஒரு நாளும் எங்கள் மேல் கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. பெண்களிடம் ஒரு 'ம்மா' சேர்த்துக்கொள்வார். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்." அதற்கு அப்புறம் வீட்டில் ஒரு பேச்சு இருக்காது.

சாந்தி, அத்திபெலேயில் டயர் கடை வைத்திருக்கிற மஞ்சுநாத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு ஆளுங்க, கன்னடம் பேசுகிறவர். அண்ணன் சண்டை போடவில்லை. அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். "இந்த வீட்டுல இனிமே உனக்கு வேலை இல்லம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார், ரயில் ஏற்றிவிட வந்தவர் மாதிரி. சாந்தி அதற்குப் பிறகு உள்ளே வந்ததில்லை. அவள் பிள்ளைகள் வளர்ந்து காலேஜும் போயாயிற்று.

இந்தப் படத்துக்கு நான் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா அண்ணன் வீட்டில் படுத்த படுக்கை. கண் மங்கிவிட்டது, காதும் கேட்பதில்லை. போனில் சாந்தி கத்தினாலும் அம்மாவுக்கு எட்டாது. தொட்டுப் பார்த்தால்தான் ஆள் தெரியும். "சாந்தி எங்கடா?" என்று என் கையைத் தடவிக்கொண்டே கேட்பாள். அடுத்த தெருவில் குடியிருந்த நான் தினம் போய் வருவேன், வாய் திறக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிறவன் வீட்டுக்குள் ஊமை. நல்ல வேடிக்கை! அம்மா போவதற்குள் சாந்தி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

மேடம் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையில் அவன் ஆரஞ்சை எடுத்தான். நான் அண்ணனை எடுத்தேன்.

"உக்காரும்மா. சாப்பிட்டியா? உன் பையன் எங்க இருக்கணுமோ அங்க இருக்கான். நீ கவலைப்படாம வீட்டுக்குப் போ. உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்."

உதடு ஒட்டுகிற இடமெல்லாம் தானாக வந்து விழுந்தது. எழுதி வைத்த வசனத்தில் அந்தக் கடைசி வரி கிடையாது. ஆனால் அந்த நடிகனின் வாய்க்கு அச்சாகப் பொருந்திவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தால் மேடம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எங்களையெல்லாம் முறைக்கிற மேடம்! குனிந்தபடியே "ஆய்த்து" என்றார். எழுந்து போகும்போது, "உங்க தங்கச்சி நெலமையில யாரும் இருக்கக்கூடாது குணா" என்றார். தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. குரலிலிருந்தே கண்டுபிடித்தாரோ என்னவோ. இன்றைக்கும் புரியவில்லை.

படம் வந்தது, பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த நாட்களில் சாயங்காலம் தெருவில் நடந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் அந்தக் குரல் மிதந்து வரும். ஒரு வீட்டில் ஆரம்பித்த வாக்கியம் மூன்றாவது வீட்டில் முடியும். பேசியது நான், குரல் அண்ணனுடையது, ஆள் எங்கேயோ கடல் தாண்டிச் செத்துப்போன ஒரு கொலைகாரன். வாசலில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "எவ்ளோ பாசமான மனுஷன் இல்ல?" என்றார். என் கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

அண்ணனும் பார்த்தார். அவரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது டிவியை நிறுத்திவிட்டு ஈரக் கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை.

"டேய் குணா, என்னமா பேசியிருக்கடா! அந்த ஆளுக்குக் கடைசியில யாருமே இல்லாமப் போச்சேடா. எல்லாருக்கும் செஞ்சான், ஒருத்தனும் புரிஞ்சிக்கல."

குரல் தன்னுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கோ மனசு குதித்தது. கல்லு கரைஞ்சிடுச்சு, இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, சாந்தி ஒரு தடவை வந்து அம்மாவைப் பாத்துட்டுப் போகட்டுமே."

கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேணாண்டா. அவ வந்தா அம்மாவுக்குப் படபடன்னு வரும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதே மூச்சு, அதே இழுப்பு. ஆரஞ்சுப்பழம் மட்டும்தான் இல்லை. படம் அவரைக் கரைத்தது உண்மைதான், தனக்காகவே கரைந்துபோயிருந்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த மல்லிகா அண்ணி உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிவியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். வழக்கம்போல வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். சாந்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் என் வாசலில் நின்றாள். மஞ்சுநாத் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நான் டீக்கடையில இருக்கேன் பாவா" என்று போய்விட்டார். மச்சானை அவர் கன்னடத்தில் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"உள்ள விடலைன்னா ஜன்னல்கிட்ட நின்னாவது பாத்துட்டுப் போயிடறேன் சின்னண்ணா" என்றாள். நரை ஓடிய தலையோடு அவள் அதைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அண்ணன் பென்ஷன் வேலையாகப் பேங்குக்குப் போயிருந்தார். கதவைத் தட்டினேன்.

"யாரு?" அண்ணியின் குரல்.

"நான்தான் அண்ணி. கூட சாந்தி வந்திருக்கா."

உள்ளே வளையல் சத்தம் வந்து நின்றது. "அவரு இல்லையே தம்பி."

"தெரியும் அண்ணி. பாத்துட்டு உடனே போயிடுவா."

"அவரு வரட்டும் தம்பி. யாரையும் விடாதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நான் என்ன பண்ணட்டும்?" அழுகிறார் என்று தெரிந்தது. கெஞ்சினேன். சாந்தி கெஞ்சினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளறையிலிருந்து அம்மா முனகுவது மட்டும் கேட்டது. சாந்தி படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது. யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"மல்லிகா."

அண்ணியைப் பேர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டது அண்ணன் குரல்.

"கதவைத் திறம்மா. பரவாயில்ல. நான்தான் சொல்றேன்ல."

தாழ்ப்பாள் விலகியது. அண்ணி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிட்டு நின்றார். சாந்தி அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. உங்களை ஏமாத்திட்டேன்."

"நான் எங்க ஏமாந்தேன்?" அண்ணி இன்னும் நிமிரவில்லை. "நீங்கதான்னு தெரியும் தம்பி. அவரு பேங்குல இருக்காருன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் குரல்ல சொன்னாத்தான் என் கை தாழ்ப்பாள்கிட்டப் போவுது. பழகிப்போச்சு. நல்ல வேளை, நீங்க சொன்னீங்க."

எத்தனையோ கொடுங்கோலர்களுக்குப் பேசியிருக்கிறேன், அந்தக் குரல் போய் விழுகிற முகத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் பேசிய எந்தப் படத்திலும் அந்த முகத்துக்கு ஒரு குளோசப் கிடையாது. அழுகை வந்தது, அழுதேன்.

உள்ளே அம்மா சாந்தியின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நெற்றி, மூக்கு, மோவாய். காதைத் தொட்டதும் விரல் நின்றது.

"ஏன்டி இவ்ளோ லேட்டு?" என்றாள், டியூஷன் விட்டு வருகிறவளைக் கேட்கிற மாதிரி.

"பஸ் கெடைக்கலம்மா" என்றாள் சாந்தி. அம்மாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் சிரித்தாள். அண்ணி கஞ்சி வைக்க ஓடினார்.

அண்ணன் வந்தபோது நான் கூடத்தில் இருந்தேன். வாசலில் கிடந்த பெண்பிள்ளைச் செருப்பைப் பார்த்தார். உள்ளறையில் அம்மா சாந்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தவில்லை.

"யாரும்மா கதவைத் திறந்தது?"

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு சமையலறையிலிருந்து வந்துவிட்டார்.

"நான்தான் திறந்தேன்."

"யார் சொல்லித் திறந்த?"

அண்ணி தலையை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

"நீங்கதாங்க சொன்னீங்க. இங்க நிக்கிறவங்க எல்லாரும் கேட்டோம்."

அண்ணன் வாய் திறந்தது, மூடியது. என்னைப் பார்த்தார், திரும்ப அண்ணியைப் பார்த்தார். ஏதோ பிடிபட்ட மாதிரி அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த உதட்டுக்கு என்ன வசனம் பொருந்தும் என்று, தொழில் செய்தவன், நானும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

"கஞ்சி ஆறிடும். வழி விடுங்க" என்றார் அண்ணி.

அண்ணன் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.